மரியாதையாகப் பேசிய வீடுகள்

லண்டன், 1974 ஜனவரி 2, புதன்

புது வருடத்திலிருந்து நாட்டுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. சுரங்கத் தொழிலாளர் மேலதிக நேரம் செய்ய மறுத்ததால் நிலக்கரி இல்லை. நிலக்கரி இல்லாததால் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாததால் நான் வேலை செய்யும் பெயின்ட் தொழிற்சாலை திங்கள், செவ்வாய், புதன் மட்டும் ஓடும். அங்கே களஞ்சியத்தில் பதின்மூன்று வருடமாக எழுதுவினைஞனாக இருக்கிறேன். மற்ற நான்கு நாளும் இனி வீட்டில்தான். இந்த ஓய்வை நாட்டுக்காகச் செலவிடத் தீர்மானித்திருக்கிறேன். இந்த நாட்குறிப்பும் அதற்காகத்தான். பிற்காலத்தில் யாராவது தேடக்கூடும்.

மனைவி மனோன்மணியிடம் சொன்னேன்.

"நல்லது. முதலிலை அந்தப் பின்கதவு இறுகிப்போய்க் கிடக்குது, அதைச் சீவிவிடுங்கோ" என்றாள்.

ஜனவரி 6, ஞாயிறு

கதவைச் சீவவில்லை. நாட்டு நிலவரம் அப்படி.

வீட்டுக்கு ஓர் அறையை மட்டும் சூடாக்கும்படி அரசாங்கம் கேட்டிருக்கிறது. ஆகையால் இருவரும் முன்னறையிலேயே அடைந்து கிடக்கிறோம். அவள் போஞ்சிக்காய் நறுக்கும்போது என்னுடைய ஆய்வுக் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். 'கூலியும் விலையும்: ஒரு நடுநிலைத் தீர்வு', பதினான்கு பக்கம். சாரம் இதுதான். கூலி ஏறினால் விலை ஏறுகிறது, விலை ஏறினால் கூலி ஏறுகிறது. நாய் தன் வாலைத் துரத்துகிற கதை. போர் முடிந்த நாளிலிருந்து கன்சர்வேட்டிவ் வந்தால் தலையைப் பிடிக்கிறார்கள், தொழிற்கட்சி வந்தால் வாலைப் பிடிக்கிறார்கள். பிறகு ஆளுக்கு ஆள் மாற்றிப் பிடிக்கிறார்கள். நடுவில் பிடிக்கவேண்டும் என்பது என் கட்சி.

"நடுவிலை பிடிச்சா நாய் கடிக்கும்" என்றாள் மனோன்மணி.

பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பரிமாறும் வேலை அவளுக்கு. பொருளாதாரம் படித்தவள் அல்ல. இதே கட்டுரையை ஐப்பசியில் தொழிற்கட்சித் தலைமையகத்துக்கு அனுப்பினேன். 'தங்கள் கருத்துகளை மிகுந்த ஆர்வத்துடன் குறித்துக்கொண்டோம்' என்று பதில் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் பார்க்காமல் உட்காரமுடியாத இடம்.

ஜனவரி 16, புதன்

மின்சாரத்தை மிச்சப்படுத்த இருட்டிலேயே பல் துலக்குங்கள் என்று ஒரு மந்திரி வானொலியில் சொன்னாராம். கன்சர்வேட்டிவ் மந்திரி சொல்லி நான் பல் துலக்குவதா? கொள்கைப்படி விளக்கைப் போட்டுக்கொண்டு துலக்கினேன். மனோன்மணி வந்து அணைத்துவிட்டுப் போனாள். அவள் எந்தக் கட்சி என்றே சில நேரம் தெரிவதில்லை.

ஜனவரி 24, வியாழன்

முக்கியச் செய்தி. மே மாதம் நகரசபைத் தேர்தல். எங்கள் மில்ஃபீல்ட் வட்டாரத்துக்கு மூன்று உறுப்பினர். தொழிற்கட்சி மூன்று பேரை எப்போதோ தெரிவுசெய்துவிட்டது. அதில் ஒருவர் முதுகுவலி தாங்காமல் கடற்கரையூருக்குக் குடிபோகிறார். ஓர் இடம் காலி!

பதவி ஆசை எனக்கில்லை. ஆறு வருடமாகக் கட்சிக் கூட்டத்துக்கு ஒழுங்காகப் போகிறேன், அவ்வளவுதான். ஆட்கள் குறைந்து கூட்டம் நடக்காமல் போகக்கூடாதென்று மனோன்மணியையும் எண்ணிக்கைக்கு உறுப்பினராகச் சேர்த்துவைத்தேன். இந்த வட்டாரத்தில் எங்கள் நிறத்தில் ஒருவன் இதுவரை நின்றதில்லை. நான் நின்று வென்றால் எங்கள் ஊர் காரைநகரில் அண்ணர் வாயைப் பிளப்பார். 'லண்டனில் டப்பா எண்ணுகிறான்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர் அவர்.

சாம்பல் நிறக் கோட்டை உலர்சலவைக்குக் கொடுத்தேன். எப்படியும் கொடுக்க வேண்டியிருந்தது.

பெப்ரவரி 8, வெள்ளி

பிரதமர் பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார். 28ஆம் தேதி பொதுத் தேர்தல். 'நாட்டை ஆள்வது யார், அரசாங்கமா தொழிற்சங்கமா?' என்று மக்களைக் கேட்கிறாராம்.

"அவருக்கே தெரியாட்டில் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?" என்றாள் மனோன்மணி, அடுப்பைத் துடைத்தபடி.

வட்டாரச் செயலாளர் மிசிஸ் ஹொட்ஜ் தொலைபேசியில் அழைத்தார். அறுபது வயதிருக்கும், சுருட்டு ஒன்றுதான் குறை, மற்றப்படி தளபதி. இன்கர்மன் வீதி முழுவதையும் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். நூற்று ஐம்பத்தைந்து வீடு. இதில் நான் யாரென்று காட்டினால் மே மாத இடம் தானாக வந்து மடியில் விழும்.

பெப்ரவரி 13, புதன்

வீடு வீடாகப் போவதற்கு இங்கே ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை. கதவைத் தட்டி, பேசி, 'ஆதரவு', 'எதிர்ப்பு', 'சந்தேகம்' என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்கவேண்டும். தேர்தலன்று நம் ஆதரவாளர் வீடுகளுக்கு மட்டும் கார் அனுப்பி வாக்குச்சாவடிக்கு அழைத்துப்போவார்கள். எதிர்ப்பாளர் வீட்டுப் பக்கமே தலைவைக்கக்கூடாது. உறங்குகிறவனைத் தட்டி எழுப்பி எதிரிக்குப் போடவைப்பானேன்?

மின்சிக்கனத்துக்காகத் தெருவிளக்குப் பாதிதான் எரிகிறது. டோர்ச் பிடிக்க மனோன்மணியைக் கூட்டிப்போனேன்.

என்ன அருமையான ஜனங்கள்! 37ஆம் இலக்கத்து மிஸ்டர் ஃபேர்பிரதர் தொப்பி இல்லாமலே வாசலுக்கு வந்து நின்றார். "இந்தக் குளிரில் வந்தது உங்கள் பெருந்தன்மை. நீங்கள் சொன்னதை நிச்சயம் மனத்தில் வைத்துக்கொள்வேன்" என்றார். நான் நாயின் வாலைப் பற்றி விளக்கியபோது, "மிகவும் சுவையான கருத்து" என்றார். படியில் வழுக்கும், கவனம் என்று எச்சரித்தார். எங்கள் ஊரில் மாற்றுக் கட்சிக்காரன் வாக்குக் கேட்டு வந்தால் நாயை அவிழ்த்துவிடுவார்கள், வேட்டி தப்புவதே பெரும்பாடு. தேத்தண்ணியும் வாழைப்பழமும் நம் கட்சிக்காரனுக்குத்தான். மரியாதையைப் பார்த்தால் மனம் தெரியாதா? ஃபேர்பிரதர்: ஆதரவு.

எல்லாரும் அப்படியல்ல. 42ஆம் இலக்கம், அடுக்குமாடியின் மேல்தளம், மிசிஸ் டகன். தலையில் முடி சுருட்டும் சுருள் ஊசிகளோடு கதவைத் திறந்து, "உங்கள் கட்சிதானே நகரசபையில் இருக்கிறது? நாலு வருடமாகப் படிக்கட்டில் விளக்கில்லை. என்ன கிழித்தீர்கள்? எந்த முகத்தோடு வந்தாய்?" என்று பிடித்த பிடியில் எனக்கு ஊர் ஞாபகமே வந்துவிட்டது. எதிர்ப்பு என்று கொட்டை எழுத்தில் குறித்தேன்.

பெப்ரவரி 15, வெள்ளி

கால் வீக்கம். ஆதரவு 39.

பெப்ரவரி 17, ஞாயிறு

மனோன்மணியோடு வேலை செய்வது கஷ்டம். டோர்ச் பிடிக்க வந்தவள் வீட்டுக்குள் போய்விடுகிறாள். "அந்தச் சாப்பாட்டுக்கூட அம்மா" என்று பிள்ளைகள் இவளைக் கண்டதும் கையைப் பிடித்து இழுக்கின்றன. நான் பதினெட்டு வீடு முடித்தேன். அவள் மிசிஸ் டகன் வீட்டிலேயே முக்கால் மணி நேரம். ஏசின பெண்பிள்ளையின் வீட்டில்! நான் இருட்டுப் படியில் நின்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் சொன்னாள்: "இஞ்சருங்கோ, அந்த முப்பத்தேழாம் நம்பர் எங்களுக்குப் போடாது."

"உமக்கென்ன தெரியும்? அந்த மனிசன் எவ்வளவு மரியாதையாக் கதைச்சவர்."

"அதைத்தானே சொல்லுறன். மரியாதையாக் கதைச்சவை ஒருத்தரும் போடமாட்டினம். ஏசினவை போடுவினம். தங்கடை ஆக்கள் எண்டபடியால்தானே ஏசினம்? உங்களோடை கோவிக்கிறதுக்கு ஃபேர்பிரதருக்கு என்ன உரிமை கிடக்குது?"

இதற்குப் பெயர் தலைகீழ்ப் பொருளாதாரம். அரசியல் என்பது உணர்ச்சியல்ல, புள்ளிவிவரம் என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும், ஊரிலிருந்து தங்கை அனுப்பிய நாட்காட்டியின் கிழித்துவைத்த பழைய தாள்களின் பின்பக்கத்தில் ஏதோ எழுதத் தொடங்கிவிட்டாள். கடைச் சாமான் பட்டியலாக இருக்கும்.

பெப்ரவரி 23, சனி

முடித்துவிட்டேன்! ஆதரவு 112. எதிர்ப்பு 43. சந்தேகம் ஒன்றுமில்லை. சந்தேகம் என்ற சொல்லுக்கே என் அட்டைகளில் வேலையில்லை.

மிசிஸ் ஹொட்ஜ் அட்டைக் கட்டை வாங்கிப் புரட்டினார். "இன்கர்மன் வீதியில் நூற்றுப் பன்னிரண்டா? இது மிகவும் குறிப்பிடத்தக்கது, விசு" என்றார். என் முழுப்பெயர் விசுவலிங்கம். அவருக்கு நேரமில்லை.

கோட்டு சலவையிலிருந்து வந்தது. தோளில் கொஞ்சம் இறுக்கம்.

பெப்ரவரி 28, வியாழன்

வாக்களிப்பு நாள். விடிந்ததிலிருந்து மழை.

மிசிஸ் ஹொட்ஜின் முன்னறைதான் எங்கள் படைவீடு. நான் அட்டைகளோடு மேசையில். வாசலில் மூன்று கார். 'ஆதரவு' அட்டையை ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட, கார்கள் பறந்தன. இந்த மழையில் கார் அனுப்பாவிட்டால் பாதிப்பேர் வெளியே வந்திருக்கவே மாட்டார்கள். ஃபேர்பிரதர் தம் மனைவியோடு தொண்ணூற்றொரு வயது மாமியாரையும் அழைத்து வந்தார். குளிர்காலத்தில் வாசற்படி தாண்டாத கிழவியாம். நம் தோழர் இருவர் நாற்காலியோடு தூக்கிக் காரில் ஏற்றினார்கள். திரும்பி வரும்போது காரை எங்கள் வாசலில் நிறுத்தச் சொல்லி, கிழவி என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜனநாயகம் என்றால் இதுதான்.

கார் ஓட்டிய கொலின் மட்டும் இரண்டு மூன்று தரம் வந்து, "இவர்கள் நிச்சயம் நம்மவர்தானா?" என்று கேட்டான். தொழில்நுட்பக் கல்லூரியில் விரிவுரையாளன், தாடிக்காரன். அவனுக்கும் மே மாத இடத்தில் ஒரு கண். பொறாமை.

மனோன்மணிக்கு இன்றைக்கு வேலையில்லை, பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. காலையில் இரண்டு குடையோடு புறப்பட்டவள் இருட்டும்வரை வரவில்லை. மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சோற்றை நானே போட்டுச் சாப்பிட்டேன். மூன்று மணிபோல் யன்னலால் பார்த்தேன். மிசிஸ் டகனோடு ஒரே குடையில் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் ஆறேழு பேர் நனைந்துகொண்டு போனார்கள். சினேகம் கொண்டாட நாள் பார்த்தாள் பாருங்கள்.

மார்ச் 1, வெள்ளி

வென்றுவிட்டோம்! நாடு முழுவதும் யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை, பிரதமர் கதிரையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் எங்கள் தொகுதியில் தொழிற்கட்சி வென்றது, அறுபத்தொரு வாக்கால்!

அறுபத்தொன்று. நான் அனுப்பிய கார்களில் போனவர்கள் மட்டும் எழுபத்தெட்டுப் பேர். கணக்கை நான் சொல்லத் தேவையில்லை. அண்ணருக்கு வான்கடிதம் எழுதினேன்.

நேற்று நனைந்ததில் மனோன்மணிக்குத் தடிமல். வெந்நீர் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 8, வெள்ளி

ஆட்சி மாறிவிட்டது. சுரங்கத் தொழிலாளர் கேட்டது கிடைத்துவிட்டது. தொழிற்சாலை மறுபடி ஐந்து நாளும் ஓடும். இனி வாலைப் பிடிக்கும் முறை.

காலி இடத்துக்கான தெரிவுக் கூட்டம் 15ஆம் தேதி. என் பெயரை எழுதிக் கொடுத்தேன். கொலினும் கொடுத்திருக்கிறான்.

மார்ச் 9, சனி

மிசிஸ் ஹொட்ஜ் வந்தார். என்னுடைய அட்டைக் கட்டும் கையில். வாழ்த்த வந்திருக்கிறார் என்று கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

"உங்களுடைய கணக்கெடுப்பு மிகவும் சுவையாக இருந்தது, விசு" என்றார். நன்றி சொன்னேன். கார்களில் போன எழுபத்தெட்டுப் பேரில் எழுபது பேராவது கோட்டில் கன்சர்வேட்டிவ் கட்சியின் நீலப் பூ குத்தியிருந்தார்களாம். அலங்காரத்துக்காக இருக்கலாம் என்றேன். தொண்ணூற்றொரு வயதுக் கிழவி காருக்குள்ளேயே அவர்களுடைய வேட்பாளருக்கு வாழ்க போட்டாளாம். அந்த வயதில் பெயர்கள் மாறிப்போவது இயல்பு என்றேன்.

அவர் தேத்தண்ணியைக் குடித்தார். பிறகு, நான் 'எதிர்ப்பு' என்று குறித்த நாற்பத்துமூன்று வீட்டையும் மேசையில் பரப்பினார். வாக்குச்சாவடி வாசலில் நின்று, வந்து போடுகிறவர்களின் வாக்காளர் இலக்கத்தைக் கேட்டு எழுதும் நம் ஆட்களின் தாளையும் பக்கத்தில் வைத்தார். நாற்பத்துமூன்று வீட்டிலும் ஓர் ஆள் மிச்சமில்லாமல் வந்து போட்டிருக்கிறார்கள். தொண்ணூற்றாறு வாக்கு. கார் போகாத வீடுகள்.

"இவர்களை யார் கூட்டிவந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். அவர் எழுந்து, மனோன்மணி சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குப் போனார்.

குசினியில் அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. நான் பின்கதவைச் சீவிக்கொண்டிருந்தேன். மனோன்மணி தன்னுடைய சிக்கன ஆங்கிலத்தில், "என் கணவர் நிற்கும்போது நான் நிற்கமாட்டேன். அதைப் பற்றி இனிக் கதைக்கவேண்டாம்" என்று மூன்று தரம் சொன்னதும் கேட்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

மனோன்மணி கோயில் கூட்டுப் பிரார்த்தனைக்குப் போனபின் அந்த நாட்காட்டித் தாள்களை எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்கு ஒரு தாள். '42. டகன். படி விளக்கு. மகனுக்கு இராவேலை, பத்து மணிக்கு முன் எழுப்பக்கூடாது. எங்கடை ஆக்கள்.' '58. கிழவர் தனிய. சுவர் ஈரம். ஏசுவார், இருந்து கேட்கவேணும். எங்கடை ஆள்.' '37. ஃபேர்பிரதர். நல்ல மனிசர். போடார்.'

பிறகு முன்னறைக்குப் போய்ச் சட்டம் போட்ட கடிதத்தை இன்னொரு தரம் வாசித்தேன். 'மிகுந்த ஆர்வத்துடன் குறித்துக்கொண்டோம்.'

கழற்றி, துணி அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். வெட்கமாக இருந்தது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆறு வருடமாக எத்தனை பேர் என்னிடம் 'சுவையான கருத்து' என்று சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

"சுவரிலை கிடந்தது எங்கை?" என்று வந்ததும் கேட்டாள்.

"ஆணி இளகிப்போச்சு."

"ஆணி அடிக்கிறது பெரிய வேலையே? நல்ல சட்டம் அது" என்றாள். 

மார்ச் 13, புதன்

பெயரை மீளப்பெறலாமா என்று யோசித்தேன். அண்ணருக்கு எழுதியாகிவிட்டது. மீளப்பெறவில்லை.

மார்ச் 15, வெள்ளி

கூட்டுறவுக் கடையின் மேல்மாடி மண்டபம். இருபது பேர். ஒரு புது முகம் மிசிஸ் டகன், முந்தாநாள்தான் கட்சியில் சேர்ந்தாளாம். சுருள் ஊசி இல்லாமல் யாரென்றே தெரியவில்லை.

மிசிஸ் ஹொட்ஜ் இரண்டு பெயரையும் வாசித்துவிட்டு, வேறு யாராவது பிரேரிக்கிறீர்களா என்று கேட்டார். மிசிஸ் டகன் எழுந்தாள். "சாப்பாட்டுக்கூட அம்மாவை" என்றாள். முழுப்பெயர் தெரியாது அவளுக்கு. பத்துக் கை ஒரேயடியாக ஆமோதிக்க உயர்ந்தது.

மனோன்மணி இருந்த இடத்திலேயே தலையை ஆட்டி மறுத்தாள். பிரேரிக்கப்பட்டவர் தம் வாயால் பதில் சொல்லவேண்டும், அது சட்டம் என்றார் மிசிஸ் ஹொட்ஜ். மண்டபமே திரும்பி அவளைப் பார்த்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவள். வேண்டாம் என்று என் கண் சொன்னால் போதும், உடனே மறுத்துவிடுவாள், சாகும்வரை அதைச் சொல்லிக்காட்டவும் மாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். கோட்டு தோளில் இறுக்கியது. அண்ணருக்கு எழுதிய கடிதம் இந்நேரம் காரைநகர் போய்ச் சேர்ந்திருக்கும்.

"ஓம் எண்டு சொல்லும்" என்றேன், தமிழில். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

"உங்களுக்கு விசரே? நீங்களெல்லோ நிக்கிறியள்?"

"நானும் நிக்கிறன். நீரும் நில்லும். சொல்லுமன், எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

அவள் எழுந்து, ஓம், நிற்கிறேன் என்றாள்.

ஆளுக்கு ஐந்து நிமிடப் பேச்சு. கொலின் போருக்குப் பிந்திய முதலாளித்துவத்தின் நெருக்கடி பற்றிப் பேசினான். என் பதினான்கு பக்கமும் பையில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. இன்கர்மன் வீதியில் நான் செய்த பிழையைச் சொன்னேன், மாமியாரை நாற்காலியோடு தூக்கியது உட்பட. சிரித்தார்கள். ஆறு வருடத்தில் என் பேச்சை இவர்கள் முழுதாகக் கேட்டது இன்றைக்குத்தான்.

மனோன்மணி படிக்கட்டு விளக்கைப் பற்றி மூன்று வசனம் சொல்லிவிட்டு உட்காரப் போனாள். கொலின் விடவில்லை. கூலிக் கட்டுப்பாட்டுக் கொள்கை பற்றி அவளுடைய நிலைப்பாடு என்ன என்று கேட்டான்.  அவள் திரும்பி நின்றாள்.

"கூலி வெள்ளிக்கிழமை வருகிறது. வியாழக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் இரண்டாம் தரம் சாப்பாடு கேட்பார்கள். போன வருடம் ஒரு மேசையில் இரண்டு பிள்ளை கேட்டது. இந்த வருடம் ஐந்து பிள்ளை கேட்கிறது. புதன்கிழமையே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதைத்தான் நான் பார்க்கிறேன்" என்றாள்.

மண்டபத்தில் பாதிப்பேருக்கு மேல் கை தட்டினார்கள். நான் தட்ட மறந்துபோனேன். கூலியையும் விலையையும் பற்றி இருபது வருடமாகப் பத்திரிகை வாசிக்கிறேன், இந்தக் கணக்கை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

துண்டுச் சீட்டு தந்தார்கள். கையால் மறைத்துக்கொண்டு பெயரை எழுதி, நாலாய் மடித்துப் பெட்டியில் போட்டேன். மிசிஸ் ஹொட்ஜ் எண்ணி வாசித்தார். மனோன்மணி பதின்மூன்று. கொலின் ஆறு. விசு ஒன்று.

கொலின் என் முதுகில் தட்டினான். அந்த ஒன்றை நானே எனக்குப் போட்டுக்கொண்டேன் என்று நினைத்திருப்பான். பரவாயில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் கோபமாக வந்தாள். பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"எனக்குப் பதின்மூண்டு எப்பிடி வந்தது? பன்ரண்டு பேர்தானே எனக்குக் கை தட்டினவை."

"இரகசிய வாக்கு. சொல்லக்கூடாது."

"உங்களுக்கு விழுந்தது என்ரை. அது எனக்குத் தெரியும். அப்ப உங்கடை எங்கை?"

 குளிராக இருக்கிறது, நடவும் என்றேன். அவள் தன் கையை என் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு நடந்தாள். தெருவில் அப்படி நடக்கிறவள் அல்ல.

அண்ணருக்கு நாளைக்கு இன்னொரு வான்கடிதம் எழுதவேண்டும். இந்த வட்டாரத்தில் நான் நூற்று ஐம்பத்தைந்து வீட்டில் ஏறி இறங்கினேன். உறுதியான ஆதரவு எனக்கு ஒரு வீட்டில் இருந்திருக்கிறது, அங்கே மட்டும் நான் கேட்கவே இல்லை.